தெரியுமா? ஒரு தலை, 790 ஆட்டங்கள், 23 கோப்பைகள்!

2019 ஏப்ரல் 27. கிளாஸ்கோ நகரின் செல்டிக் பார்க் மைதானம். எதிரணி கில்மார்னாக். ஒரு மணி நேரம் தாண்டியும் கோல் விழவில்லை. 67-வது நிமிடத்தில் பந்து உயரப் பறந்து வருகிறது. பின்வரிசையிலிருந்து முன்னேறி வந்த யோசோ சிமுனோவிச் எம்பி, தலையால் முட்டி வலைக்குள் தள்ளுகிறார். 1-0. அன்றைய ஆட்டத்தில் விழுந்த ஒரே கோல் அதுதான்!

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? சிமுனோவிச்சின் எண் 5. அவர் ஆடியது நடுப் பின்வரிசையில். ஐந்து நாள் முன்புதான், ஏப்ரல் 22 அன்று, செல்டிக்கின் மகத்தான 5-ஆம் எண்காரர், நடுப் பின்வரிசையின் அரசர், பில்லி மெக்நீல் 79 வயதில் காலமாகியிருந்தார். அவர் மறைந்த பிறகு செல்டிக் தன் சொந்த மண்ணில் ஆடிய முதல் ஆட்டம் அது. மெக்நீல் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய ஆண்டு 1967. கோல் விழுந்த நிமிடம் 67. அதுவும் தலையால்! கூட்டத்தில் எத்தனை பேர் அழுதார்கள் என்று யார் எண்ண முடியும்?

இந்த பில்லி மெக்நீலைப் பற்றித்தான் இங்கே பேச்சு. மெஸ்ஸியும் ரொனால்டோவும் போட்ட கோல்களின் எண்ணிக்கையை நம் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். கோல் விழாமல் காத்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் ஒரு டிஃபெண்டரின் கதையை மூச்சுவிடாமல் சொல்லியே ஆக வேண்டும்!

செல்டிக்கிற்காக அவர் ஆடிய போட்டி ஆட்டங்கள் எத்தனை தெரியுமா? 790! லீக்கில் 486, ஸ்காட்டிஷ் கோப்பையில் 94, லீக் கோப்பையில் 138, ஐரோப்பியப் போட்டிகளில் 72. கிளப்பின் வரலாற்றில் இதை மிஞ்சியவர் இல்லை. அதைவிட ஆச்சரியம், இத்தனை ஆட்டங்களில் ஒன்றில்கூட மாற்று வீரருக்கு இடம் விட்டு அவர் பாதியில் வெளியே வந்ததில்லை. களத்தில் இறங்கினால் கடைசி விசில் வரை அங்கேதான்.

பிறந்தது 1940 மார்ச் 2, கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த பெல்ஷில் என்ற சிறு ஊரில். அப்பா பிளாக் வாட்ச் படைப்பிரிவின் சிப்பாய். அம்மா வழியில் லிதுவேனிய ரத்தம்! அப்பாவுக்கு இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டில் பணி என்பதால் சிறுவன் பில்லி கொஞ்ச காலம் அங்கே வளர்ந்தான். கால்பந்துக்குப் பதில் ரக்பி ஆடினான் என்றால் நம்புவீர்களா? அதே பெல்ஷில்லை ஒட்டிய ஆர்பிஸ்டன் என்ற சுரங்கக் குடியிருப்பில் பிறந்த இன்னொருவர் மேட் பஸ்பி. 1967-ல் மெக்நீல் கேப்டனாக ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார். அடுத்த ஆண்டே, 1968-ல், மேலாளராக அதே கோப்பையை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வாங்கித் தந்தார் பஸ்பி. ஐரோப்பா முழுவதும் ஏங்கும் கோப்பை, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் ஒரே சுரங்க வட்டாரத்துக்காரர்கள் கையில்!

1957-ல் செல்டிக்கில் சேர்ந்து, 1958 ஆகஸ்டில் கிளைட் அணிக்கு எதிராக முதல் ஆட்டம் ஆடினார். (பின்னாளில் மேலாளராக அவருக்கு முதல் வேலை கொடுத்ததும் அதே கிளைட்தான்!) ஸ்காட்லாந்து அணிக்கான முதல் ஆட்டம் எப்படி அமைந்தது தெரியுமா? 1961 ஏப்ரல் 15, வெம்ப்ளி மைதானம், இங்கிலாந்துக்கு எதிராக. முடிவு 9-3. ஸ்காட்லாந்து வாங்கியது ஒன்பது! 21 வயதுத் தடுப்பாட்டக்காரருக்கு இதைவிடக் கொடுமையான முதல் நாள் கிடையாது. வேறு யாராக இருந்தாலும் அன்றோடு ஒடிந்துபோயிருப்பார்கள். இவர் நாட்டுக்காக மொத்தம் 29 ஆட்டங்கள் ஆடினார்.

கிளப்பிலும் தொடக்கம் சோகம்தான். இன்று நாம் அறிந்த செல்டிக் அல்ல அது. மெக்நீல் முதல் ஏழு ஆண்டுகள் ஒரு பெரிய கோப்பையைக்கூடத் தொடவில்லை! 1961-ல் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதிவரை போய், டன்ஃபெர்ம்லினிடம் தோற்றார்கள். அந்த டன்ஃபெர்ம்லினின் மேலாளர் யார்? ஜாக் ஸ்டீன். ஆமாம், செல்டிக்கின் பெயரை உலகமெங்கும் கொண்டு போகப்போகிறவர் அன்று எதிர்முகாமில் இருந்தார். வேறு கிளப்புக்குப் போய்விடலாமா என்று மெக்நீல் யோசித்துக்கொண்டிருந்த வேளையில், 1965 மார்ச்சில் ஸ்டீன் செல்டிக்கிற்கு வந்து சேர்ந்தார். மெக்நீல் தங்கிவிட்டார்.

ஒரு மாதம்தான். ஏப்ரல் 24, மீண்டும் கோப்பை இறுதி, மீண்டும் அதே டன்ஃபெர்ம்லின். 2-2. ஒன்பது நிமிடம் மிச்சம். இடதுபுறக் கார்னரிலிருந்து சார்லி கேலகர் பந்தைத் தூக்கிப் போடுகிறார். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு தலை மட்டும் எல்லோருக்கும் மேலே எழுகிறது. மெக்நீல்! 3-2! ஏழு ஆண்டு வறட்சி ஒரே முட்டலில் தீர்ந்தது. ஸ்காட்லாந்துக் கால்பந்து எழுத்தாளர்கள் ஆண்டின் சிறந்த வீரர் என்ற விருதைத் தொடங்கியதும் அந்த ஆண்டுதான். முதல் விருது யாருக்கு? ஸ்ட்ரைக்கருக்கு அல்ல, இந்த டிஃபெண்டருக்கு!

இந்தத் தலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 790 ஆட்டங்களில் அவர் போட்டது முப்பத்துச் சொச்சம் கோல்தான். ஆனால் எப்போது போட்டார் என்று பாருங்கள்! 1969 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி, பரம எதிரி ரேஞ்சர்ஸ், ஹாம்ப்டன் பார்க்கில் 1,32,000-க்கும் மேற்பட்ட கூட்டம். இரண்டாவது நிமிடத்திலேயே கார்னரிலிருந்து மெக்நீல் தலையால் கோல், ஆட்டம் 4-0. 1972 இறுதியில் ஹிபர்னியனை 6-1 என்று துவைத்தபோது முதல் கோல் யாருடையது? அதுவும் இரண்டாவது நிமிடம், அதுவும் மெக்நீல்! உலகக் கிளப் பட்டத்துக்காக 1967 அக்டோபரில் அர்ஜென்டினாவின் ரேசிங் கிளப்பை ஹாம்ப்டனில் 1-0 என்று வென்றபோதும் அந்த ஒற்றைக் கோல் இவர் தலையிலிருந்து வந்ததுதான். (அந்தத் தொடர் பிறகு மான்டிவிடியோவில் அடிதடியில் முடிந்தது. செல்டிக் ஆட்டக்காரர்கள் நான்கு பேருக்கு வெளியேறச் சொல்லி உத்தரவு; அதில் பெர்ட்டி ஆல்ட் போகவே மாட்டேன் என்று கடைசிவரை களத்தில் நின்றுவிட்டார்!)

எல்லாவற்றுக்கும் சிகரம் 1967 மார்ச் 8. ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதி. யூகோஸ்லாவியாவின் வோய்வொடினா அணி தன் ஊரான நோவி சாடில் 1-0 என்று வென்றுவிட்டு கிளாஸ்கோ வந்திருக்கிறது. இரண்டாம் பாதியில் ஸ்டீவ் சால்மர்ஸ் ஒரு கோல் போட்டுக் கணக்கைச் சமன் செய்கிறார். 90-வது நிமிடம் நெருங்குகிறது. இப்படியே முடிந்தால் மூன்றாவது ஆட்டம் ராட்டர்டாமில். மெக்நீலைப் போன்ற நெட்டையான ஆளைப் பின்னால் காவலுக்கு நிறுத்துவதா, முன்னால் அனுப்புவதா? முன்னால் வந்தார். கார்னர் அடித்தவர் மறுபடியும் அதே சார்லி கேலகர். பந்து வளைந்து வருகிறது, கோல்கீப்பர் பண்டெலிச் வெளியே வர முயல்கிறார், வழி கிடைக்கவில்லை. அதற்குள் மெக்நீலின் நெற்றி பந்தைச் சந்தித்துவிட்டது. செல்டிக் பார்க் வெடித்தது! அந்த முட்டல் இல்லையென்றால் லிஸ்பன் இறுதி ஆட்டத்தில் செல்டிக் இருந்திருக்குமா என்பதே சந்தேகம். இரண்டு வரலாற்றுக் கோல்களுக்கும் கார்னர் அடித்த கேலகரை ஏனோ பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்காட்லாந்தில் பிறந்து அயர்லாந்துக் குடியரசுக்காக ஆடிய முதல் வீரர் அவர் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

சரி, லிஸ்பன்! 1967 மே 25. எதிரணி ஹெலெனியோ ஹெரேராவின் இன்டர் மிலான். 1964, 1965 இரண்டு ஆண்டுகளும் ஐரோப்பியக் கோப்பை வென்றவர்கள். ஒரு கோல் போட்டுவிட்டால் கதவை இழுத்துச் சாத்திவிடும் இரும்புத் தற்காப்பு. ஏழாவது நிமிடத்தில் மட்சோலா பெனால்டியில் கோல் போட்டார். கதவைச் சாத்தினார்கள். செல்டிக் தட்டியது, முட்டியது, பந்து இரண்டு முறை கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் பட்டுத் திரும்பியது. கடைசியில் கதவை உடைத்தது யார் தெரியுமா? தடுப்பாட்டக்காரர்கள்! ஒரு ஃபுல்பேக் ஜிம் கிரெய்க் பந்தை உருட்டித் தர, இன்னொரு ஃபுல்பேக் டாமி கெம்மல் தூரத்திலிருந்து வெடித்தார். 1-1. ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிடம் இருக்கையில் சால்மர்ஸ் இரண்டாவது கோல்.

அந்தப் பதினொரு பேரும் செல்டிக் பார்க்கிலிருந்து 30 மைல் தொலைவுக்குள் பிறந்தவர்கள்! இந்தக் காலத்தில் ஒரு பெரிய கிளப்பின் பதினொரு பேரும் ஒரே வட்டாரத்துக்காரர்களாக இருப்பதைக் காண்பது அரிது. பிரிட்டனிலிருந்து ஐரோப்பியக் கோப்பை வென்ற முதல் அணி அதுதான். அந்த ஒரே பருவத்தில் லீக், ஸ்காட்டிஷ் கோப்பை, லீக் கோப்பை, கிளாஸ்கோ கோப்பை, ஐரோப்பியக் கோப்பை என்று கலந்துகொண்ட ஐந்தையும் வென்றார்கள். ஐந்துக்கு ஐந்து!

இறுதி விசில் ஊதியதும் ரசிகர்கள் களத்துக்குள் பாய்ந்துவிட்டார்கள். சட்டையை உருவுகிறார்கள், காலணியை இழுக்கிறார்கள். கோல்கீப்பர் ரானி சிம்ப்சனுக்கு வேறு கவலை. வலைக்குள் வைத்திருந்த தன் தொப்பியைத் தேடி ஓடினார். ஏன் தெரியுமா? சக வீரர்களின் பல் செட்டுகள் அதற்குள்தான் பத்திரமாக இருந்தன! புகைப்படத்தில் சிரிக்க வேண்டாமா? இந்தக் களேபரத்தில் அணி முழுவதும் மேடைக்குப் போக வழியே இல்லை. சக வீரர்கள் சூழ நிற்காமல், கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், கோப்பையைக் கையில் வாங்கினார் கேப்டன் மெக்நீல். பளிங்கு மேடையில் அவர் நிற்கும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கோப்பையை உயர்த்திய அவர் கோலம்தான் 2015 முதல் செல்டிக் பார்க் வாசலில் வெண்கலச் சிலையாக நிற்கிறது.

அவர் எண் 5 எங்கே எழுதியிருந்தது என்று கவனித்தீர்களா? முதுகில் இல்லை, கால்சட்டையில்! பச்சை வெள்ளைப் பட்டைகளின் அழகு கெட்டுவிடும் என்று செல்டிக் 1990-கள் வரை லீக் ஆட்டங்களில் சட்டை முதுகில் எண் போடவில்லை.

‘சீசர்’ என்பது அவருக்குப் பட்டப்பெயர். ரோமானியப் பேரரசரா? இல்லை, 1960-ல் வந்த ‘ஓஷன்ஸ் லெவன்’ படத்தில் நடித்த சீசர் ரொமெரோ என்ற நடிகர்!

1966 முதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது லீக் பட்டங்கள். ஏழு ஸ்காட்டிஷ் கோப்பைகள், ஆறு லீக் கோப்பைகள், ஓர் ஐரோப்பியக் கோப்பை. கூட்டினால் 23. 1970-ல் இன்னோர் ஐரோப்பிய இறுதிக்கும் போய், மிலானில் ஃபெயனூர்டிடம் கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். அதற்கு முந்தைய அரையிறுதியில் லீட்ஸ் அணியை ஹாம்ப்டனில் சந்தித்தபோது வந்த கூட்டம் 1,36,505! ஐரோப்பியக் கோப்பை வரலாற்றில் அதுவே மிகப் பெரிய கூட்டம்.

1975 மே மாதம் ஏர்ட்ரியை 3-1 என்று வென்று ஸ்காட்டிஷ் கோப்பையை வாங்கிய கையோடு, 35 வயதில், ஓய்வை அறிவித்தார். தோழர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஓய்வோடு கதை முடியவில்லை! 1977-78-ல் ஒரே ஒரு பருவம் அபர்டீன் மேலாளர். லீக்கில் இரண்டாமிடம், கோப்பையில் இறுதி ஆட்டம். கோர்டன் ஸ்ட்ராகன் என்ற பொடியனை டண்டீயிலிருந்து வாங்கிப் போட்டார். 1978-ல் ஸ்டீனின் நாற்காலியில் அமர செல்டிக் அழைத்தது. அபர்டீனில் அவர் விட்டுப்போன இடத்துக்கு வந்தவர் யார்? அலெக்ஸ் ஃபெர்குசன்! அந்த ஸ்ட்ராகனையும் வைத்துக்கொண்டுதான் ஃபெர்குசன் 1983-ல் ரியல் மாட்ரிட்டை வீழ்த்தினார்.

செல்டிக் மேலாளராக முதல் பருவத்தின் கடைசி ஆட்டம், 1979 மே 21. எதிரணி ரேஞ்சர்ஸ். வென்றால் மட்டுமே லீக் பட்டம். ஒரு கோல் பின்னால் இருக்கையில் ஜானி டாயில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறுகிறார். பத்தே பேர்! முடிவு 4-2, செல்டிக்கிற்கு! இன்றுவரை அந்த ஊர் ரசிகர்கள் அந்த இரவைப் பாட்டாகப் பாடுகிறார்கள்.

ஒரு கசப்பான பதிவும் உண்டு. 1986-87-ல் மான்செஸ்டர் சிட்டியில் பருவத்தைத் தொடங்கி, நடுவில் ஆஸ்டன் வில்லாவுக்கு மாறினார். பருவ முடிவில் இரண்டு அணிகளுமே கீழ்ப் பிரிவுக்கு இறங்கின! இன்னொரு மேலாளர் என்றால் அதோடு காணாமல் போயிருப்பார். மெக்நீல் செல்டிக்கிற்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு, கிளப்பின் நூற்றாண்டில், லீக்கையும் ஸ்காட்டிஷ் கோப்பையையும் சேர்த்தே வென்று கொடுத்தார். மேலாளராக எட்டு, ஆட்டக்காரராக 23, மொத்தம் 31.

இனி வருவது மனம் கனக்கும் செய்தி. மெக்நீலுக்கு டிமென்ஷியா என்று 2017-ல் அவர் குடும்பம் வெளியே சொன்னது. லிஸ்பனில் வெற்றிக் கோல் போட்ட சால்மர்ஸுக்கும் அதே நோய். கேப்டன் போன ஒரே வாரத்தில், ஏப்ரல் 29 அன்று, அவரும் போனார். அதே ஆண்டு அக்டோபரில் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு வெளிவந்தது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேரின் பதிவுகளைப் பொதுமக்களோடு ஒப்பிட்டார்கள். மூளை சிதையும் நோய்களால் இறக்கும் வாய்ப்பு ஆட்டக்காரர்களுக்கு மூன்றரை மடங்கு! 2021-ல் வந்த தொடர் ஆய்வு எந்த இடத்தில் ஆடினார்கள் என்றும் பிரித்துப் பார்த்தது. கோல்கீப்பர்களுக்கு ஏறக்குறைய பொதுமக்கள் அளவே ஆபத்து. மிக அதிகம் யாருக்கு? டிஃபெண்டர்களுக்கு, கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. எந்தத் தனி ஆளின் நோய்க்கும் பந்துதான் காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் வாழ்நாளெல்லாம் பந்தை முட்டித் திருப்புவது யார் வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்காட்லாந்து சும்மா இருக்கவில்லை. 2020-ல் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெட்டிங் கற்றுத்தருவதை நிறுத்தியது. 2022-ல் தொழில்முறை அணிகளுக்கும் வழிகாட்டுதல் வந்தது: ஆட்டத்துக்கு முதல் நாளும் மறுநாளும் ஹெட்டிங் பயிற்சி கிடையாது.