ஏட்டில் நின்ற ஒரு விதவையின் பெயர்

உறுதி இல்லாத காணியில் பரம்பரையாகப் பாடுபட்ட குடும்பம், தான் அங்கு வாழ்ந்ததை எப்படி நிரூபிப்பது? இந்தக் கேள்வி எங்களுக்குப் புதியதல்ல. அயர்லாந்து மக்களுக்கும் இது பழகிய கேள்விதான். தொண்டு நிறுவனமொன்றில் என்னோடு பணியாற்றிய அயர்லாந்துச் சிநேகிதி தன் மூதாதையரைத் தேடியபோது நானும் துணையாக இருந்தேன். அதில் அறிந்தவற்றைச் சகோதரிகளோடு பகிர்ந்து கொள்கிறேன்.

19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து விவசாயிகளில் மிகப் பெரும்பாலானோர் குத்தகைக்காரரே. சிறு குத்தகைக்காரர் பலரிடம் எழுத்திலான ஒப்பந்தம்கூட இருக்கவில்லை. 1821 முதல் 1851 வரையான குடிசன மதிப்பீட்டு ஏடுகளில் பெரும்பகுதி, 1922ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகத்தோடு எரிந்து போயிற்று. எனவே, எஞ்சிய வரி ஏடுகளைத்தான் தேட வேண்டும்.

முதலில் தசமபாகப் பதிவேடு. 1823க்கும் 1838க்கும் இடையில், அரசு சார்ந்த புரட்டஸ்தாந்து திருச்சபைக்கு வரி அறவிட எழுதப்பட்டது. வரி கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் கத்தோலிக்கர். மேயோ மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பக்கத்தில் சிநேகிதியின் பாட்டனார் ஒருவரின் பெயர் கிடைத்தது. ஒரே பெயர் பலருக்கு இருந்ததால், ஊர்ப் பெயர் தெரியாமல் தேடவே முடியாது.

அடுத்தது, ரிச்சர்ட் கிறிபித் என்பவரின் மேற்பார்வையில் 1847 முதல் 1864 வரை வெளியான காணிப் பெறுமதி மதிப்பீடு. அதே ஊரில் அந்த மனிதரின் பெயர் இல்லை. அவ்விடத்தில் அவர் மனைவியின் பெயரும், பக்கத்தில் 'விதவை' என்ற சொல்லும் இருந்தன. எங்கள் பழைய உறுதிகளில் உள்ளது போலவே ஏக்கர், றூட், பேர்ச் கணக்கில் ஏழு ஏக்கர் சொச்சம். ஆண்டுப் பெறுமதி மூன்று பவுண் சில்லறை.

அந்த ஒற்றை வரியின் பெறுமதியை உணர, இடையில் நடந்ததை அறிய வேண்டும். 1845இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் வந்தது. சுமார் 10 இலட்சம் பேர் மாண்டனர். ஏறக்குறைய அதேயளவினர் நாட்டை விட்டுச் சென்றனர். கால் ஏக்கருக்கு மேல் காணி வைத்திருப்போருக்கு நிவாரணம் இல்லை என்று 1847இல் சட்டம் வந்தது. பசியாற வேண்டுமானால் காணியைக் கைவிட வேண்டும். 4 பவுணுக்கு மேற்படாத காணிகளுக்கான ஏழைகள் நிவாரண வரியை நிலச்சுவாந்தர்களே கட்ட வேண்டியிருந்ததால், பலர் அத்தகைய குடிகளை வெளியேற்றி வீடுகளை இடித்தனர். இத்தனைக்கும் பிறகு அந்த விதவை தன் ஏழு ஏக்கரில் நின்றாள்.

பிந்திய திருத்த ஏடுகளில், உரிமை கைமாறும்போது பழைய பெயரை வெட்டி, வேறு நிற மையால் புதுப் பெயரை எழுதினார்கள். தாயின் பெயருக்கு மேல் மகனின் பெயர், பிறகு பேரனின் பெயர். அதன்பின் சட்டப்படி காணியை வாங்கியதைக் காட்டும் முத்திரை. 1903ஆம் ஆண்டுச் சட்டம், காணி வாங்க 68½ ஆண்டுகளில் திருப்பிக் கட்டும் அரச கடன் வழங்கியது. குத்தகைக் குடும்பம் சொந்தக்காரராயிற்று.

1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு, மணமான பெண்களிடம் எத்தனை பிள்ளைகள் உயிரோடு பிறந்தார்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டது. பேரனின் மனைவி சொன்ன பதில்: பிறந்தது ஒன்பது, இருப்பது ஆறு. அதை வாசித்தபோது சிநேகிதியும் நானும் சற்று நேரம் பேசவில்லை.

1922இல் எரிந்தவற்றில் ஒரு பகுதியை, வேறிடங்களில் இருந்த பிரதிகளைக் கொண்டு மீட்டு 2022 முதல் இணையத்தில் வைத்திருக்கிறார்கள். பிரதி இருந்ததால்தான் அது முடிந்தது. சகோதரிகளே, வரிச் சிட்டையோ, பங்கீட்டு அட்டையோ, பழைய கடிதமோ, எதையும் குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். பிரதியெடுத்து இன்னோரிடத்திலும் வையுங்கள். உங்கள் தாயின் பெயரையும் பாட்டியின் பெயரையும், அவர்கள் வாழ்ந்த காணியின் பெயரோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.