சீல் அல்ல, பைப்பைப் பாருங்கள்

பழைய புல்லட்டின் முன் ஃபோர்க்கில் எண்ணெய்ப் பிசுக்கு வழிந்தால், "ஆயில் சீல் போச்சு, மாத்திடலாம்" என்பார்கள். மாற்றுவார்கள். சில வாரங்களில் மறுபடியும் கசியும். சீலைக் கிழித்தது எது என்று பார்க்காமல் விட்டதுதான் காரணம்.

ஃபோர்க்கின் ஒவ்வொரு காலிலும் ஒரு குழாய் இன்னொன்றுக்குள் ஏறி இறங்குகிறது. உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும். அது மட்டுமே இருந்தால், ஒரு பள்ளத்தில் இறங்கிய வண்டி வெகுதூரம் குதித்துக்கொண்டே போகும். குதிப்பை அடக்குவது எண்ணெய். சிறு துளைகளின் வழியே அது பிதுங்கிப் போகும்போது குதிப்பின் ஆற்றல் வெப்பமாகக் கரைகிறது. 1935இல் பிஎம்டபிள்யூ ஆர்12 இந்த ஏற்பாட்டோடு விற்பனைக்கு வந்தது. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபோது புல்லட்டிலும் இதே தத்துவம்தான்.

புல்லட்டில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஹெட்லைட்டைத் தாங்கும் பெரிய வார்ப்புக்குள் ஃபோர்க் பைப்பின் மேல்முனை மரையில் ஏறியிருக்கும். பல வருடத் துருவில் அது இறுகிவிடும். அவசரப்பட்டு, சீல் உரசும் இடத்தில் பைப் ரெஞ்ச் போட்டுத் திருகினால், அதன் பற்கள் பதித்த வடுக்களே நாளைக்குப் புதுச் சீலை அறுக்கும். எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஒருநாள் காத்திருப்பதே மேல்.

கழற்றிய பைப்பை நன்றாகத் துடைத்து நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் சிக்கினால் அங்கே துருக்குழி இருக்கிறது. குழி ஆழமென்றால் கடினக் குரோம் ஏற்றி, மறுபடி அளவுக்குக் கிரைண்டிங் செய்ய வேண்டும். இல்லையேல் புதுப் பைப்தான். தட்டையான கண்ணாடிமேல் உருட்டினால் வளைவு இருப்பது தெரிந்துவிடும். இரண்டு ஸ்பிரிங்குகளையும் பக்கம் பக்கமாக நிறுத்தி, உயரம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பைப்பை ஆடாமல் பிடித்திருக்கும் புஷ் தேய்ந்து பைப் ஆடினாலும் சீல் தாங்காது.

மாட்டும்போது பைப் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, சீலின் உதட்டில் எண்ணெய் தடவி இறக்குங்கள். இரு கால்களுக்கும் எண்ணெய் ஒரே அளவாக இருக்கட்டும். "கெட்டியா ஊத்தினா நல்லா நிக்கும்" என்பது தவறான நம்பிக்கை. துளைகள் மாறவில்லையே! கெட்டி எண்ணெய் அவற்றில் புகத் திணறும். சக்கரம் பள்ளத்தின் அதிர்ச்சியைக் கைக்கே அனுப்பும்.

ஆக்சிலின் பிடிமானத்தை முறுக்குவதற்கு முன், பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டில்பாரை நாலைந்து முறை அழுத்தி விடுங்கள். கால்கள் தாமாக இணையாக நிற்கும். பிறகு முறுக்கலாம்.