மாட்டுக்குப் புழுக்கமும் வெயில்தான்

கறவை மாடு வெப்பத்தில் தவிக்கிறதா என்று பார்க்க தெர்மாமீட்டர் மட்டும் போதாது. ஈரப்பதத்தையும் சேர்த்து வெப்ப-ஈரப்பதக் குறியீடு என்று ஒன்று கணக்கிடுகிறார்கள். அது 72-ஐத் தாண்டினால் ஹோல்ஸ்டீன் மாதிரி இனங்களுக்குச் சிரமம் தொடங்கும்.

சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். 38 டிகிரி, 30% ஈரப்பதம்: சுமார் 84. 30 டிகிரி, 80% ஈரப்பதம்: சுமார் 83! கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

காரணம், மாடு வியர்வையாலும் மூச்சிரைப்பாலும்தான் சூட்டைத் தணிக்கும். புழுக்கத்தில் ஈரம் சரியா ஆவியாகாது. தீவனம் செரிக்கும்போதும் உடம்புக்குள் சூடு உண்டாகும். அதனால் மாடு தீனியைக் குறைத்துக்கொள்ளும். பாலும் குறையும், சினை பிடிப்பதும் தள்ளிப்போகும்.

ஆக, கடலோர ஊர்க் கொட்டகையில் தண்ணீர் தெளித்தால் மட்டும் போதாது. ஃபேனும் ஓடணும், ராத்திரியிலும். தீவனத்தில் பெரும்பகுதியை வெயில் தாழ்ந்த பிறகு வைங்க.