தூண்டிலும் போதும் என்ற மனசும்

சம்பா அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்துவிட்டால், நம்ம நல்லூர் வட்டாரத்தில் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஏரித் தண்ணீர் வற்றி வரும் அந்த நாட்களில், மண்புழுவைக் கோத்துத் தூண்டிலோடு கரையில் உட்காருவது நம்மில் பலருக்கும் பழக்கம். காசு செலவில்லாத சந்தோஷம் அது. அதில் விவசாயிக்குப் பாடமும் இருக்கிறது. இன்றைக்கு அதைப் பற்றிப் பேசலாம்.

தூண்டில்காரர் கண் தக்கையிலேயே இருக்கும். அவசரப்பட்டுச் சுண்டினால் மீன் போச்சு! பொறுமையாகத் தண்ணீரைப் பார்த்துப் பழகியவருக்குப் பல சேதி புரியும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் என்ன அர்த்தம்? பகலில் பாசியும் நீர்ச்செடியும் வெயிலை வாங்கிக்கொண்டு தண்ணீருக்குப் பிராணவாயு கொடுக்கின்றன. இரவில் அவையும் மீன்களும் சேர்ந்து அதைச் செலவழிக்கின்றன. அதனால் பொழுது விடிகிற நேரத்தில்தான் பிராணவாயு ரொம்பக் குறைச்சல். குட்டையில் மீன் வளர்ப்பவர்கள் இதைக் கண்டால், அன்றைக்குச் சாணமும் தீவனமும் போடாமல் நிறுத்திவிட்டுப் புதுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அளவுக்கு மிஞ்சிய எருவே மீனுக்கு எமனாகிவிடும்.

அடுத்து விராலைப் பாருங்கள். அதன் குஞ்சுகள் செக்கச் செவேலென்று கூட்டமாக நீர்மட்டத்தில் புரளும். கீழே பெற்ற மீன் காவல் நிற்கும். நெருங்குவதைப் பாய்ந்து கடிக்கும். அந்த நேரத்தில் கூட்டத்துக்கு நடுவே தூண்டிலை விட்டால் சுலபமாக மாட்டிக்கொள்ளும். உங்களுக்கு ஒரு வேளைக் குழம்பு ஆச்சு. காவல் இழந்த குஞ்சுகளோ மற்ற மீனுக்கும் பறவைக்கும் இரையாகிவிடும். அதே மாதிரி, மழைக்காலத்தில் புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறி வருகிற கெண்டையின் வயிற்றில் சினை இருக்கும். வாய்க்காலை வலையால் அடைக்காமல் அதற்கு வழி விடுங்கள்.

சிலர் பேராசையால் வெடி போடுகிறார்கள், பூச்சிமருந்து கலக்கிறார்கள், மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். வெடியும் விஷமும் குற்றம் என்று 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே சொல்லிவிட்டது. மருந்து கலந்த தண்ணீரைத்தானே நம்ம மாடும் குடிக்க வேண்டும்? மின்கம்பியோ, போட்டவர் உயிரையே வாங்கிவிடும்.

சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்துக் கிராமங்களில், கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடத்துகிறார்கள். அதுவரை ஊர் கட்டுப்பாட்டோடு காத்திருக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும், சாதி மதம் பார்க்காமல் எல்லோரும் ஊத்தா, கச்சா, வலையோடு இறங்குவார்கள். கிடைத்ததை விற்காமல் வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிடுவார்கள், சொந்தபந்தத்துக்கும் கொடுப்பார்கள். அன்றைக்கு ஊரெல்லாம் மீன்குழம்பு வாசம்தான்!

ஆகவே, வீட்டுக் கறிக்கு ஆன உடனே தூண்டிலைச் சுருட்டுங்கள். சின்ன மீனையும் சினை மீனையும் தண்ணீரிலேயே விடுங்கள். எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விதைநெல்லைக் குத்திச் சமைக்காதவர்கள் நாம். ஏரியிலும் விதைமீன் இருக்கட்டும். நாளைக்கு நம்ம பிள்ளைகளும் அந்தக் கரையில் தூண்டில் போட வேண்டாமா?