எளிய பொறிகளைக் கற்க ஒரு குறிப்பேடு



எளிய பொறிகளின் வரைவிலக்கணத்தைப் பிழையின்றி எழுதும் மாணவர் பலர், "பொறி நாம் செய்யவேண்டிய வேலையைக் குறைக்குமா?" என்ற வினாவுக்கு "ஆம்" என விடையளித்துப் புள்ளிகளை இழக்கின்றனர். மனனம் செய்வதால் இப்பிழை நீங்காது. சொந்தமாக ஒரு குறிப்பேடு எழுதினால் நீங்கும்.

பன்வில, வத்துகாமம் பகுதி மாணவர் உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. கல்லைப் புரட்டும் அலவாங்கு ஒரு நெம்பு. லொறியில் மூடை ஏற்றச் சாய்த்து வைக்கும் பலகை ஒரு சாய்தளம். மலையை வளைந்து வளைந்து ஏறும் எமது பாதையும் சாய்தளமே.

குறிப்பேட்டில் ஒவ்வொரு பொறிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிப் பின்வருவனவற்றை எழுதுக.

1. படம்: சுமை, எத்தனம் ஆகியவற்றையும், நெம்பாயின் பொறுதியையும் குறிக்கவும்.
2. எதிர்வுகூறல்: அளப்பதற்கு முன் நீங்கள் நினைப்பதை எழுதவும்.
3. அளவீடு: விசையையும் தூரத்தையும் அலகுடன் எழுதவும்.
4. காரணம்: எதிர்வுகூறலும் அளவீடும் வேறுபட்டால், ஏன் என விளக்கவும்.

உதாரணம்: 6 நியூற்றன் நிறையுள்ள மரக்குற்றி, 60 சென்ரிமீற்றர் நீளப் பலகையின் வழியே 20 சென்ரிமீற்றர் உயரத்துக்குச் சீராக இழுக்கப்படுகின்றது. விற்றராசு 3 நியூற்றனைக் காட்டுகின்றது எனக் கொள்வோம்.

எதிர்வுகூறல்: "விசை குறையும்; எனவே வேலையும் குறையும்."

பொறிமுறை நயம் = 6 ÷ 3 = 2
வேக விகிதம் = 60 ÷ 20 = 3
நேரே உயர்த்தத் தேவையான வேலை = 6 × 0.2 = 1.2 யூல்
பலகை வழியே செய்த வேலை = 3 × 0.6 = 1.8 யூல்
வினைத்திறன் = (1.2 ÷ 1.8) × 100% = 66.7%

காரணம்: விசை பாதியாகியது, ஆனால் தூரம் மூன்று மடங்காகியது. வேலை குறையவில்லை. மேலதிகமான 0.6 யூல், உராய்வுக்கு எதிராகச் செய்யப்பட்டது. உராய்வே இல்லையெனின் எத்தனம் 2 நியூற்றனாகவும் வேலை 1.2 யூலாகவும் இருந்திருக்கும். அப்போதும் வேலை குறைந்திராது.

பிழையான எதிர்வுகூறலை அழிக்க வேண்டாம். பரீட்சைக்கு முன் நீங்கள் மீட்டவேண்டிய இடம் அதுவே. ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் லியனார்டோ டா வின்சியும் கப்பி, பற்சில்லு, திருகு ஆகியவற்றைப் படம் வரைந்து, அருகே குறிப்பெழுதியே ஆராய்ந்தார். அவரது அத்தகைய குறிப்பேடுகள் இரண்டு மட்ரிட் நகரில் கிடைத்த செய்தி 1967 இல் வெளியாகியது.

ஞாபகத்தில் கொள்க: எளிய பொறி எத்தனத்தைக் குறைக்கலாம், வேலையைக் குறைக்காது.

பயிற்சி: 150 சென்ரிமீற்றர் நீளமான அலவாங்கின் ஒரு முனையில் கல் உள்ளது. பொறுதி அம்முனையிலிருந்து 25 சென்ரிமீற்றர் தூரத்தில் உள்ளது. அலவாங்கின் நிறையைப் புறக்கணித்து, மறுமுனையில் 80 நியூற்றன் எத்தனத்தால் சமநிலைப்படுத்தக்கூடிய சுமையைக் காண்க. (விடை: 400 நியூற்றன்)