சிவக்க மறுக்கும் கிறிஸ்துமஸ் செடி

டிசம்பர் பிறந்ததும் நர்சரி வாசல்களில் பாயின்செட்டியா தொட்டிகள் சிவப்பாய் வரிசைகட்டும். பொங்கல் கழிவதற்குள் பல தொட்டிகள் குப்பைக்குப் போய்விடுகின்றன. வருஷா வருஷம் புதிதாக வாங்குவதுதான் சுலபம் என்பார்கள் விற்பவர்கள். நேரமில்லாதவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் சொந்த மண்ணான மெக்சிகோவில் இது ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் புதர். ஒரு மாதத்தோடு தூக்கி எறிய எனக்கு மனசு வராது.

முதலில் தொட்டியைச் சுற்றியிருக்கும் பளபளத் தாளைக் கழற்றுங்கள். ஊற்றும் தண்ணீர் அதற்குள் தேங்கி வேர் அழுகிவிடும். மேல்மண் காய்ந்தபின் தண்ணீர் விட்டால் போதும். மார்ச்சில் ஒரு சாண் உயரத்துக்குக் கவாத்து செய்து, புது மண்ணுக்கு மாற்றுங்கள். வெட்டுவாயில் வடியும் பால் தோலில் பட்டால் அரிக்கும். ஆளைக் கொல்லும் விஷம் என்ற பேச்சு மிகை. மழைக்காலத்துக்குள் செடி தழைத்துவிடும்.

சிவப்பதில்தான் சிக்கல். சிவப்பது பூ அல்ல, இலை. நடுவில் இருக்கும் மஞ்சள் மொட்டுகள்தான் பூ. இரவு நீண்டால்தான் மொட்டு வரும், இலை நிறம் மாறும். அந்த இருட்டு இடையில் கலையவே கூடாது. ஒரு மதிலோரப் புதரைப் பார்த்தேன். மதில் நிழலில் இருந்த கிளைகள் நன்றாகச் சிவந்திருந்தன. தெருவிளக்கைப் பார்த்த கிளைகள் ஜனவரியிலும் பச்சையாகவே நின்றன.

சாமந்திக்கும் இதே குணம்தான். பூப்பதைத் தள்ளிப்போட ஓசூர் பக்கம் விவசாயிகள் வயலில் ராத்திரி பல்பு எரிய விடுகிறார்கள். அவர்கள் கணக்குப் போட்டுச் செய்வதை நம் தெருக்களில் எல்.இ.டி. விளக்குகள் கணக்கில்லாமல் செய்துகொண்டிருக்கின்றன. எனக்குக் கவலை இந்தச் செடியோடு நிற்கவில்லை. இரவின் நீளத்தைப் பார்த்துப் பருவம் அறியும் செடிகள் எத்தனையோ. விடிய விடிய வெளிச்சம் அடித்தால் அவை எதைப் பார்த்துப் பூக்கும்? வெளிச்சம் பாதுகாப்பு என்கிறார்கள். சாலைக்கு வேண்டும்தான், மொட்டைமாடிக்கும் மரக்கிளைக்கும் எதற்கு?

தொட்டிச் செடிக்கு வழி உண்டு. அக்டோபர் முதல் 2 மாதம், மாலை 5 மணிக்கு அட்டைப்பெட்டியால் மூடி, காலை 8 மணிக்கு எடுத்து வெயிலில் வையுங்கள். நடுவில் திறந்து பார்க்க வேண்டாம். மதிலோரப் புதருக்குப் பெட்டி போட முடியாது. தெருவிளக்குக்கு மேலும் பக்கவாட்டிலும் மறைப்பு வைத்து, வெளிச்சம் சாலையில் மட்டும் விழும்படி செய்யச் சொல்லி மனு கொடுக்கலாம். செப்டம்பரிலேயே கொடுத்துவிடுங்கள்.