நாலு தந்தியும் நானும்

நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் வேலை மூன்று வருடங்களாக என் தலையில் விழுந்திருக்கிறது. முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் குப்பை கொட்டியவனுக்கு டைம் டேபிள் போடத் தெரியாதா என்று செயலாளர் நினைத்திருக்க வேண்டும். நான் இருந்தது கேரேஜ் அண்ட் வேகன் பிரிவு, டைம் டேபிள் போடுவது வேறு இலாகா என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கிற வழியாக இல்லை.

போன வருடம் பெயர் கொடுக்க வந்தவர்களில் எங்கள் காலனியைச் சேர்ந்த ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். கையில் கிதாருக்குப் பேத்தி போல ஒரு வாத்தியம். "இது யுகுலேலே தாத்தா. ரெண்டு பாட்டு வாசிக்கிறேன், அஞ்சு நிமிஷம் போதும்" என்றாள்.

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். நாலே நாலு நைலான் தந்தி. கையில் இருப்பதே தெரியாத எடை. "பொம்மை மாதிரி இருக்கேம்மா? வீணை, வயலின்னு வாசிக்கிற மேடை இது. சாப்பாட்டுக்கு அப்புறம் விளையாட்டு நேரத்துல வாசியேன்" என்றேன். "சரி தாத்தா" என்று போய்விட்டாள். கொஞ்சம் அடம் பிடித்திருந்தாலாவது எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். விளையாட்டு நேரத்திலும் அவள் வாசிக்கவில்லை.

மார்ச் மாதம் புனேயிலிருந்து மகன் வந்திருந்தான். இந்தக் கதையை அவனிடம் தமாஷாகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. பேசாமல் டி.வி.யில் ஒரு பதிவைப் போட்டுவிட்டு, "பார்த்துட்டுச் சொல்லுங்கப்பா" என்று எழுந்து போனான்.

லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். 2009 ஆகஸ்ட் 18-ஆம் தேதி இரவு, பி.பி.சி. நடத்தும் ப்ராம்ஸ் இசை விழா. ஆண்களும் பெண்களுமாக ஏழெட்டுப் பேர், கல்யாண வரவேற்புக்கு வந்தவர்கள் போலப் பெரிய உடுப்பு, வரிசையாக நாற்காலிகள். எல்லோர் கையிலும் அந்தப் 'பொம்மை'! தி யுகுலேலே ஆர்கெஸ்ட்ரா ஆஃப் கிரேட் பிரிட்டன் என்பது இந்தக் குழுவின் பெயர். பெயரிலேயே பாதி நகைச்சுவை இருக்கிறது. ஆர்கெஸ்ட்ரா என்றால் வயலினும் ஊதுகுழலும் முரசுமாக நூறு பேரை நாம் எதிர்பார்ப்போம் அல்லவா?

இந்தக் குழு 1985-இல் பிறந்தது. கிட்டி லக்ஸ் என்ற பெண்மணிக்கு ஜார்ஜ் ஹிஞ்ச்லிஃப் என்ற நண்பர் ஒரு யுகுலேலேயைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தார். பிறகு சில நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு, லண்டனில் ரோபக் என்ற மதுக்கடையில் வேடிக்கையாக ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். ஒரே ஒரு தடவை என்றுதான் நினைத்தார்கள். அது நியூயார்க் கார்னகி ஹால், சிட்னி ஓபரா ஹவுஸ் வரை அவர்களை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கிட்டி லக்ஸ் 2017-இல் காலமானார்.

இவர்கள் எந்த இசையையும் விடுவதில்லை. செவ்வியல், ஜாஸ், ராக், சினிமா, எல்லாம் அந்த நாலு தந்திக்குள் வந்தாக வேண்டும். நம் தலைமுறை மறக்க முடியாத 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' படத்தின் இசையை, குதிரையும் துப்பாக்கியும் இல்லாமல், சீட்டியடித்தும் குரல் கொடுத்தும் வாசிக்கிறார்கள். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற முரட்டுக் குழுவின் கலகப் பாட்டை, குடும்பத்தோடு சுற்றுலா போகிறவர்கள் பஸ்ஸில் பாடுவது போலச் சாதுவாகப் பாடுகிறார்கள். பாடும்போது முகத்தில் ஒரு சிரிப்பு இருக்க வேண்டுமே! கிடையாது. சிரிக்க வேண்டியது நம் பொறுப்பு.

எல்லாவற்றிலும் என்னை உட்கார வைத்தது ஒரு வேலை. ஹாண்டலின் பழைய இசை ஒன்றை ஆரம்பிக்கிறார்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் 'ஃப்ளை மீ டு தி மூன்' பாட்டைப் பாடுகிறார். அது முடியுமுன் இன்னொருவர் 'கில்லிங் மீ சாஃப்ட்லி', வேறொருவர் 'ஐ வில் சர்வைவ்'. கடைசியில் எல்லோரும் ஆளுக்கொரு பாட்டை ஒரே நேரத்தில் பாடுகிறார்கள், ஒன்றோடொன்று மோதவில்லை! இந்தப் பாட்டுகளுக்கெல்லாம் அடியில் ஓடும் சுரக்கூட்டுகளின் வரிசை ஏறக்குறைய ஒன்று என்பதுதான் சூட்சுமம். ஒரே லைனில் ஒரே நேரத்தில் நாலைந்து வண்டியை விட்டால் ரயில்வேயில் அதற்குப் பெயர் விபத்து. இங்கே ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள்.

அன்றைய ப்ராம்ஸ் நிகழ்ச்சியில் இன்னொன்றும் நடந்தது. கேட்க வந்தவர்களில் ஏறத்தாழ ஆயிரம் பேர் தங்கள் யுகுலேலேயைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் வரும் 'ஓட் டு ஜாய்' மெட்டை மேடையோடு சேர்ந்து அத்தனை பேரும் வாசித்தார்கள். அந்த ஹாலில், பீத்தோவனை! யாரும் அவர்களை "சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று சொல்லவில்லை. நான் டி.வி.யை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் இந்த வாத்தியத்தின் பூர்வீகத்தை விசாரித்தேன். 1879 ஆகஸ்ட் மாதம் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. போர்ச்சுகலுக்குச் சொந்தமான மடெய்ரா தீவிலிருந்து நாலு மாதம் கடலில் மிதந்து வந்தவர்கள் அதில் இருந்தார்கள். எதற்கு? கரும்புத் தோட்டத்தில் கூலி வேலைக்கு. நேட்டாலுக்கும் மொரிஷியஸுக்கும் நம்மவர்கள் எதற்காகக் கப்பல் ஏறினார்களோ, அதற்குத்தான். அவர்கள் ஊரில் பிராகின்ஹா என்று ஒரு சிறு தந்தி வாத்தியம் உண்டு. கப்பலில் வந்த மரவேலைக்காரர்களான நூனெஸ், டியாஸ், எஸ்பிரிட்டோ சாந்தோ என்ற மூவர், அதைப் பார்த்து உள்ளூர் கோவா மரத்தில் செய்யத் தொடங்கியதுதான் யுகுலேலே. ஹவாய் மொழியில் 'குதிக்கும் தெள்ளுப்பூச்சி' என்று அர்த்தம் சொல்வார்கள். ஹவாய் அரசர் கலாகவாவே இதை ஆதரித்தார். 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் பரவியது.

அன்பர்களே, பிழைக்கப் போன இடத்தில், கிடைத்த மரத்தில், ஊர் ஞாபகத்தில் செய்த வாத்தியம் இது. நாமெல்லாம் யார்? பிழைக்க வந்த இடத்தில் சங்கம் வைத்துப் பொங்கல் கொண்டாடுகிறவர்கள். இதை மேடையிலிருந்து இறக்கிவிட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

மறுநாள் அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போனேன். "வாத்தியத்தை எடுத்துண்டு வாம்மா, கேட்கலாம்" என்றேன். பரணில் போட்டுவிட்டதாக அவள் அம்மா சொன்னார். இறக்கிப் பார்த்தால் ஒரு தந்தி அறுந்திருந்தது. "மறந்து போச்சு தாத்தா. அது பொம்மைதானே?" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அனுமதி கேட்டு அதை வீட்டுக்கு எடுத்து வந்தேன். பழக்கதோஷம், முதலில் ஸ்கேல் வைத்து அளந்தேன். தந்தியின் நீளம் 346 மில்லிமீட்டர். பன்னிரண்டாவது மெட்டு மிகச் சரியாக 173-இல் இருந்தது. முதல் மெட்டு பத்தொன்பதரையில். மிச்ச நீளத்தில் ஏறக்குறைய பதினெட்டில் ஒரு பங்கு குறைத்துக் குறைத்து ஒவ்வொரு மெட்டும் வைத்திருக்கிறார்கள். பொம்மைக்கு யாரும் இவ்வளவு கணக்குப் பார்ப்பதில்லை. வீல் தட்டிப் பார்த்து, ஓசையை வைத்தே விரிசலைக் கண்டுபிடிக்கிற ஆட்களோடு வேலை பார்த்தவன் நான். இதை முதல் நாளே தட்டிப் பார்த்திருக்கலாம்.

கடையில் புதுத் தந்தி வாங்கிக் கட்டினேன். நைலான் தந்தி புதிதில் நீண்டுகொண்டே போகும்; காலையில் சேர்த்த சுருதி மாலையில் இருக்காது. எனவே தினமும் சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போய், வாசலில் உட்கார்ந்து பிருடையைத் திருகுவேன். அவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பாள். நாலாவது தந்தி மட்டும் தொளதொளவென்று தொங்கியது. தந்தியில்தான் கோளாறு என்று கடைக்காரரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. "ஐயோ தாத்தா, அது கீழ் ஜி இல்ல, மேல் ஜி! இதுல நாலாவது தந்தி மூணாவதைவிட மேல இருக்கணும்" என்று கையிலிருந்து பிடுங்கித் திருகி, நாலையும் ஒரு தடவை மீட்டினாள். சுருதி கணீரென்று சேர்ந்தது. வாத்தியத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் குரு, நான் சிஷ்யன். ஒரு விரலை வைத்தால் 'சி', இரண்டு விரலை வைத்தால் 'எஃப்', மூன்றுக்கு 'ஜி செவன்'. அந்த மூன்றாவதில்தான் என் மோதிர விரல் வேலைநிறுத்தம் செய்கிறது. வாத்தியார் கண்டிப்பானவர்.

வரும் பொங்கல் விழா நிரலில் வீணைக்கு அடுத்தபடியாக அவளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது கிடந்தால், பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னதாக என்னிடம் பெயர் கொடுங்கள். என்ன வாத்தியம் என்று கேட்க மாட்டேன். எத்தனை நிமிடம் என்று மட்டும் சொன்னால் போதும்.